அம்மாவின் நாற்காலியில் நாலு சுவிட்ச்

“கீபோர்டு வேண்டாம், மவுசு வேண்டாம், மானிட்டரும் வேண்டாம். மத்ததை மட்டும் போட்டு ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் குடுங்க” என்று நான் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“டீச்சர், நீங்களே இப்படிக் கேட்டா எப்புடி? அப்புறம் எதை வச்சு அதுக்கிட்ட வேலை வாங்குவீக?”

“அது என் பாடு.”

“தூக்கிட்டுப் போயி நடுவீட்டுல வச்சுக் கும்பிடவா போறீக?”

கேலியாகத்தான் கேட்டார். பிற்பாடு ஏறக்குறைய அதுவே நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை என்று சொல்லிக்கொள்ள இரண்டோ மூன்றோதான் இருந்தன. நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். அந்த சென்டரில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கோயிலுக்குள் வருவது மாதிரிதான் உள்ளே வருவார்கள். வீட்டுக்கு கம்ப்யூட்டர் வாங்கிய ஒன்றிரண்டு பேரும் அதற்குத் தனி அறை, தனி மேசை, மேலே போர்த்த வெல்வெட் துணி என்று ஒரு மாப்பிள்ளைக்குரிய மரியாதை செய்தார்கள். நானோ அதைக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், அம்மா உட்காரும் நாற்காலிக்கு எதிரே வைக்கக் கேட்டேன். கடைக்காரர் மனசு கேட்கவில்லை. கீபோர்டையும் மவுசையும் வலுக்கட்டாயமாகப் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டினார். “இருக்கட்டும் டீச்சர். நாளைக்கே வந்து நிப்பீக பாருங்க” என்றார். நான் போய் நிற்கவே இல்லை. அந்த வீம்பைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள். முப்பத்தைந்து வருஷம் ஊசியும் கத்தரிக்கோலுமாக இருந்த கை. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே முடக்குவாதம் வந்து விரல்களைப் பிடித்தது. முதலில் காலையில் மட்டும் மடங்காது. பிறகு நாள் முழுக்க மடங்காது. கடைசியில் விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முட்டிகள் வீங்கி, எதையும் பிடிக்கவும் முடியாமல் அமுக்கவும் முடியாமல் போயின. நடப்பாள், யாராவது எழுப்பி விட்டால். அப்பா இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. வீடு அண்ணனுடையது. அண்ணன், மதினி, ஆறாம் வகுப்புப் படிக்கிற அவர்கள் மகள், அம்மா, முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத நான். என் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய இருந்தார்கள், அதனால் அதை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

மதினி நல்லவள். அதுதான் சிக்கலே. மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து அம்மா வாயில் ஊட்டுவாள், முகம் சுளிக்க மாட்டாள். “என்ன வேணும்னாலும் கேளுங்கத்தை, ஏன் கேக்க மாட்டேங்கிறீக?” என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வாள். ஆனால் அம்மாவுக்குக் கேட்க வராது. ஊரில் பாதிப் பெண்களின் ரவிக்கைக்கு அளவெடுத்த மனுஷி, தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குப் பதில் தாகத்தோடு உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு, குளியல் இதெல்லாம் நேரத்துக்கு நடந்துவிடும், கேட்கத் தேவையில்லை. மற்ற நேரத்தில் டிவியில் எது ஓடுகிறதோ அதுதான் அவளுக்கு. மதினி சீரியல் போட்டால் சீரியல். அண்ணன் செய்தி போட்டால் செய்தி. சாயங்காலம் நாலு மணிக்கு, வயசானவளுக்கு நல்லது என்று நினைத்து, மதினி டேப்பில் பக்திப் பாட்டு போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போவாள். ஒரு பக்கம் முடிந்து டேப் டக்கென்று நின்றுவிடும். மறுபக்கம் திருப்பிப் போடச் சொல்லி அம்மா யாரையும் கூப்பிட மாட்டாள். நின்றுபோன டேப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் ஐந்து மணிக்கு நான் சென்டரிலிருந்து வந்தேன். மதினி மகளைக் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போயிருந்தாள். வாசலிலேயே இரைச்சல் கேட்டது. உள்ளே போனால் டிவி திரை முழுக்கப் புள்ளி. கேபிள் போயிருக்கிறது. அந்தப் புள்ளியையும் இரைச்சலையும் பார்த்தபடி அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ரிமோட். மதினி வைத்துவிட்டுப் போனது. அந்த ரிமோட்டின் ரப்பர் பட்டனை அமுக்க நகநுனியில் பலம் வேண்டும், அது அம்மாவிடம் இல்லை.

“எப்பத்துலருந்தும்மா இது இப்படி ஓடுது?”

“ரெண்டு மணி இருக்கும்.”

“மூணு மணி நேரமா இதையா பாத்துக்கிட்டிருந்தே?”

“கறுப்பும் வெள்ளையுமா எறும்பு ஊர்ற மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு. பாத்துக்கிட்டிருந்தேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிவியைத் தூக்கி முற்றத்தில் போட்டிருப்பேன். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கலாமே என்று அம்மாவிடம்தான் கத்தினேன். நான் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். அழுது முடித்தபோது முடிவு பண்ணிவிட்டேன். இனி எங்கம்மா தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொள்வாள். எவரிடமும் கேட்க மாட்டாள். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வேன்.

அப்போதுதான் சென்டரில் ஒரு புது டிஸ்ப்ளே கார்டு வந்திருந்தது. அதன் பின்னால் ஒரு மஞ்சள் துளை. அதிலிருந்து வயரை டிவியில் சொருகினால் கம்ப்யூட்டரின் படம் டிவியில் வரும். பாட்டு, படம், டிவி சேனல் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கலாம், அது சரி. ஆனால் அதை ஓட்டுவது எப்படி? கீபோர்டில் நூற்றுச் சொச்சம் சாவி. என் மாணவர்களே முதல் வாரம் அதைப் பார்த்து முழிப்பார்கள். மவுசைப் பிடிக்கவே விரல் வேண்டும். வாய்க்குள் வைக்கிற குச்சி, தலையில் மாட்டுகிற விளக்கு என்று என்னென்னவோ யோசித்தேன். அம்மாவிடம் நன்றாக இருந்தது மணிக்கட்டும் முழங்கையும்தான். கையைத் தூக்கிப் பொத்தென்று போடுவாள். அதில் குறையே இல்லை, எனக்கு விழுந்த குட்டுகளே சாட்சி.

பிள்ளைகள் விளையாட ஜாய்ஸ்டிக் மாட்டுவதற்கென்று சவுண்ட் கார்டுக்குப் பின்னால் ஓர் இடம் உண்டு. ஜாய்ஸ்டிக்கில் நாலு பட்டன். பட்டன் என்பது வேறென்ன, இரண்டு கம்பி தொட்டுக்கொண்டால் சரி, விலகினால் இல்லை. வாசல் காலிங் பெல்லும் அதேதான். கல்லுக்கட்டி கடைவீதியில் ஓர் எலக்ட்ரிக் கடைக்குப் போய் நாலு பெல் சுவிட்ச் வாங்கினேன். “நாலு வாசலா டீச்சர் வீட்டுக்கு?” என்றார் அந்தக் கடைக்காரர். எல்லாருக்கும் என்னிடம் ஒரு கேள்வி இருந்தது அந்த மாதம்.

அம்மா கைக்கு அந்த சுவிட்சின் ஸ்பிரிங் கடினமாக இருந்தது. பிரித்து, ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போட்டேன். ஒரு சாண் அகல பிளைவுட் பலகையில் நாலையும் பதித்தேன். சுவிட்சின் தலை சிறிதாக இருந்ததால் மணிக்கட்டு வழுக்கியது. அம்மாவின் தையல் டப்பாவைக் குடைந்து நாலு பெரிய கோட்டுப் பொத்தானை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினேன். கறுப்பு, சிவப்பு, பழுப்பு, நடுவில் குழி விழுந்த வெள்ளை. மேலே, கீழே, சரி, திரும்பு. இவ்வளவு செய்தும் மிஷின் ஜாய்ஸ்டிக் இருப்பதாகவே ஒத்துக்கொள்ளவில்லை. சுவிட்ச் மட்டும் போதாது, அசைக்கிற குச்சியும் எங்கே என்று கேட்டது. குச்சிக்குப் பதில் இரண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, இதுதான் குச்சி என்று அதை நம்ப வைத்தேன். பொய்தான். எங்கம்மாவுக்காக மிஷினிடம் பொய் சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

புரோகிராமை நானே எழுதினேன். திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை, உள்ளங்கை அகல எழுத்தில். பாட்டு. படம். டிவி. போட்டோ. தமிழ் எழுத்தை வரவழைப்பது அந்நாளில் பெரும்பாடு, அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் படமாகவே வரைந்து வைத்தேன். சிடியை அம்மாவால் பிடிக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கிலேயே ஏற்றினேன். இடம் கொஞ்சம். என்னென்ன வேண்டும் என்று அவளிடமே கேட்க உட்கார்ந்தேன்.

“பக்திப் பாட்டு எம்புட்டு ஏத்தட்டும்?”

“அதான் தினம் போடுறாளே. காது புளிச்சுப் போச்சு.”

“அப்ப என்னதாம்மா வேணும் உனக்கு?”

அம்மா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். “கத்திச் சண்டை.”

“என்னது?”

“பழைய படத்துல வருமே, மாடிப்படியில ஏறிக்கிட்டே போடுவாங்களே. கத்தி தெறிச்சு விழும், எடுத்துக் குடுத்துட்டுத் திரும்பப் போடுவான். அது.”

நான் சிரித்த சிரிப்பில் மதினி ஓடி வந்து என்ன என்று கேட்டாள். அம்மா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் இந்த மனுஷிக்குப் பக்திப் பாட்டாகப் போட்டுச் சாகடித்திருக்கிறோம்! வாடகைக்கு வீடியோ சிடிகளாக எடுத்து வந்து, கதை, காதல், அழுகை எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, சண்டையை மட்டும் சேர்த்தேன். மொத்தம் பதினேழு சண்டை.

வீட்டில் அதை ஓட்டிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை அண்ணன், மதினி எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பலகையை அம்மா நாற்காலியின் கையில் இரண்டு கிளிப் போட்டு மாட்டினேன். பவரைப் போட்டேன். டிவியில் கறுப்புத் திரை வந்தது. நாலு வரி இங்கிலீஷ் எழுத்து வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

“என்னடி சொல்லுது?” என்றாள் அம்மா.

சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. “கீபோர்டு இல்லையாம்மா.”

“ஆமா, இல்லை. அதுக்கு?”

“மேக்கொண்டு போகணும்னா கீபோர்டுல எஃப் ஒன்னை அமுக்கணுமாம்.”

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “இது நம்ம பென்சன் ஆபீசு மாதிரியில்ல பேசுது” என்றாள். “கையெழுத்துப் போட முடியலைன்னு சொன்னதுக்கு, போட முடியலைன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மான்னு கேட்டானே. அந்த ஆளு இதுக்குள்ள உக்காந்திருக்கானா?”

அந்த ஒரு வார்த்தை போதும். பரணில் போட்டிருந்த கீபோர்டை இறக்கி, ஒரே ஒரு தடவை மாட்டி, மிஷினின் அடிவயிற்று செட்டிங்கிற்குள் போய், கீபோர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ பாட்டுக்கு ஓடு என்று மாற்றி வைத்தேன். வயரைப் பிடுங்கி, கீபோர்டைத் திரும்பப் பரணில் போட்டேன். இரண்டாம் முறை பவர் போட்டபோது மிஷின் வாயைத் திறக்கவில்லை. திரையில் பெரிதாக ‘பாட்டு’ என்று வந்தது. அம்மா கையைத் தூக்கிச் சிவப்பின் மேல் போட்டாள். ‘படம்’ வந்தது. பழுப்பின் மேல் போட்டாள். சண்டை தொடங்கியது. கத்தியோடு கத்தி மோதுகிற சத்தம் வீடெல்லாம் கேட்டது.

அம்மா முகத்தை நான் பார்த்தேன். அதை எழுத எனக்குத் தெரியாது. சந்தோஷம் என்பதைவிட அதில் திமிர் அதிகமாக இருந்தது. அந்தத் திமிரை நான் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பலகை வந்த ஒரு வாரத்தில் அம்மா ஆளே மாறினாள். மதினி சீரியல் பார்க்க வந்தால், “இரு, இந்தச் சண்டை முடியட்டும்” என்பாள். கறுப்பின் மேல் கையைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். வாரத்துக்கு ஒரு தடவை மிஷின் உறைந்துபோய் நின்றுவிடும். அப்போதும் அவள் யாரையும் கேட்க மாட்டாள். மிஷினைத்தான் திட்டுவாள், தெருவுக்குக் கேட்கிற மாதிரி. “எழவெடுத்த பய மிஷினே, அவன் கத்திய ஓங்கிக்கிட்டு நிக்கிறான், இப்பப் போயி நின்னுக்கிட்டியே!” மதினி ஓடி வந்து ரீசெட்டை அமுக்குவாள்.

அண்ணனுக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. “மக ஆறாப்புப் படிக்குது. எல்லாப் பிள்ளையும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு பறக்குது. வீட்டுல ஒண்ணு சும்மா கெடக்குறப்ப அது ஏன் வெளிய போயிப் படிக்கணும்?”

“சும்மாவா கெடக்குது? அம்மாதான் பாக்குதே.”

“சண்டை பாக்குறதுக்கு டிவி போதாதா? உக்காந்த எடத்துல இருக்கவுகளுக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய மிஷினு?”

“பிள்ளையை சென்டருக்கு அனுப்பு. நான் சொல்லிக்குடுக்கிறேன். இது அம்மாவுது.”

“வீடு என்னுதுல்ல?” என்றான். சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்மா கூடத்தில்தான் இருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அந்த நாளின் சட்டம் அம்மா போட்டதுதான். தையல் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கத்தரிக்கோல், அளவு டேப், எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் அதன் முன்னால் அடுக்குவாள். மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும் வரை எதையும் தொடக் கூடாது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அந்த நாள் பார்த்து என் பாவாடைக் கொக்கி பிய்ந்துவிட்டது. ஒரு தையல்தான் போட வேண்டும். அழுது பார்த்தேன். ஊக்கைக் குத்திவிட்டாளே தவிர ஊசியை எடுக்கவில்லை. “வருசமெல்லாம் ஒழைக்குது. அதுக்கு ஒரு நா லீவு வேணாமாடி?” என்றாள்.

இந்த முறை மதினி எல்லாவற்றையும் எடுத்துச் செய்தாள். நாச்சியாபுரத்திலிருந்து பெரியம்மா, அம்மாவின் அக்கா, காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நான் சென்டர் பூஜைக்குப் போய், பொரிகடலைப் பொட்டலத்தோடு மத்தியானம் திரும்பினேன். கூடத்தில் சாம்பிராணிப் புகை. டிவிக்குப் பக்கத்தில் கோலம் போட்ட பூஜைப் பலகை. அதன் மேல் அரிவாள், சுத்தியல், பிள்ளையின் பாடப் புத்தகங்கள், பழைய தையல் மிஷின், அதற்கு நடுவில் என் கம்ப்யூட்டர். பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். நெற்றி நிறையச் சந்தனம். அதன் முன்னால், பரணிலிருந்து இறங்கி வந்த கீபோர்டும் மவுசும், குங்குமப் பொட்டோடு. கீபோர்டுக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ வேறு சாத்தியிருந்தது. அதன் காலடியில் அம்மாவின் பலகை. நாலு கோட்டுப் பொத்தானிலும் நாலு சந்தனப் பொட்டு.

அம்மா நாற்காலியில் இருந்தாள். நாற்காலியின் கை மொட்டையாக இருந்தது. எதிரே டிவியில் ஏதோ பட்டிமன்றம். அவள் கை மடியில் கிடந்தது. புள்ளி ஓடிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

“யாரு மதினி இதைக் கழட்டுனது?”

“எல்லாத்தையும் வைக்கிறப்ப அதையும் வச்சேன்” என்றாள் மதினி, பாவம், பயந்துபோய். “நல்லதுக்குத்தான...”

“நாந்தான் கழட்டச் சொன்னேன்” என்றான் அண்ணன். “இன்னைக்குத் தொட வேணாம். நாளைக்குக் காலையில நல்ல நேரத்துல எடுத்து, மாடி ரூம்புல வச்சு, கீபோர்டை மாட்டிப் பிள்ளைக்கு ஆரம்பிச்சிரலாம். விசயதசமி. அதைவிட நல்ல நா எப்ப வரும்?”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கு டிவி இருக்கு. என்ன வேணும்னு கேட்டா மாத்திவிட நாங்க இல்லையா?”

கேட்டா. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. பொட்டலத்தைத் தரையில் வீசி, வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். பெரியம்மா குறுக்கே வந்தார். “என்னடி இது, நல்ல நாளும் அதுவுமா? பூசையில வச்ச சாமானை எடுத்தா வித்தை போயிரும்டி. நீயே டீச்சர், உனக்குத் தெரியாதா?”

“நீ சும்மா இரு” என்றாள் அம்மா.

என்னைத்தான் சொன்னாள். சரி, இவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மா அண்ணனைப் பார்த்தாள்.

“ஏண்டா, அந்த அரிவா யாருது?”

“நம்மளுதுதாம்மா.”

“அது பூசையில இருக்கு. அதைப் புடிக்கிற கை எங்க இருக்கு?”

அண்ணன் முழித்தான். “கை என்கிட்டதாம்மா இருக்கு. இதென்ன கேள்வி?”

“அதான் கேக்குறேன். முப்பத்தஞ்சு வருசம் இந்த மிஷினைப் பூசையில வச்சேன். ஒரு வருசமாச்சும் என் கையைப் பூசையில வச்சிருக்கேனா? மிஷினுக்குத்தான்டா லீவு. கை அன்னைக்கும் கோலம் போட்டுச்சு, உளுந்து ஆட்டுச்சு, உனக்குக் குண்டி கழுவி விட்டுச்சு. கைக்கு எவன்டா லீவு விட்டான்?”

பட்டிமன்றத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அம்மா பூஜைப் பலகையைப் பார்த்து மோவாயை நீட்டிக் காட்டினாள். “அந்தக் கீபோர்டு, எலி, அதெல்லாம் சாமான். இருக்கட்டும். பூவும் பொட்டுமா நல்லாத்தான் இருக்கு. அந்தா கீழ கெடக்குறது என் கை.” செருமிக்கொண்டாள். “என் கையை எடுத்துக் குடுங்க.”

நோய் வந்த இத்தனை வருஷத்தில் அம்மா வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் அது. நான் எழுவதற்குள் மதினி எழுந்துவிட்டாள். பெரியம்மா “ஏய், ஏய்” என்றார். மதினி காதில் வாங்கவில்லை. பலகையைத் தூக்கி, நாலு பொட்டையும் தன் புதுப் புடவை முந்தானையாலேயே துடைத்து, நாற்காலியில் வைத்து இரண்டு கிளிப்பையும் மாட்டினாள். “அது கைன்னு எனக்குத் தெரியலையே அத்தை” என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

வயரை நான் சொருகினேன். பிளக்கை மாட்டினேன். சந்தனம் பூசிய நெற்றியோடு மிஷின் உறுமி எழுந்தது. திரை கறுத்தது. நான் பூவோடு கிடந்த கீபோர்டைப் பார்த்தேன். அது எதையும் கேட்கவில்லை. ‘பாட்டு’ என்று வந்தது. அம்மா கையைத் தூக்கினாள். பொத். ‘படம்’. பொத். மாடிப்படியில் இரண்டு பேர் கத்தியை உருவிக்கொண்டு நின்றார்கள்.

“கலைமகள் பூசையில சண்டையாடி போடுறது?” என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“உனக்கு வேணாம்னா அங்குட்டுத் திரும்பி உக்காரு” என்றாள் அம்மா, சத்தத்தைக் கூட்டியபடி.

பெரியம்மா திரும்பவில்லை. நாலாவது சண்டையில், “அந்தா, பின்னால வாரான் பாரு” என்று கத்தியது அவர்தான்.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் அண்ணன் கூடத்துக்கு வந்தான். அம்மா அதற்கு முன்பே குளித்து உட்கார்ந்து ஒன்பதாவது சண்டையில் இருந்தாள். பூஜைப் பலகையில் கீபோர்டும் மவுசும் வாடின பூவோடு அப்படியே இருந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டான். மகளை அன்றைக்கே என்னோடு சென்டருக்கு அனுப்புவதாக என்னிடம் முணுமுணுத்தான். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

“அம்மா, இது ரெண்டையும் பரண்ல போட்டுரவா?”

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதையும் என்கிட்டக் கேக்கணுமாக்கும்? போடு” என்றாள்.